கும்பிடுபூச்சி குடியிருக்கும் கொல்லை

கும்பிடுபூச்சி வேண்டுமென்றால் கீரைப்பாத்தி மட்டும் போதாது. காங்கோங் கீரையை விதைத்து 25, 30 நாளில் அறுத்துவிடுகிறோம். தண்டுக்கீரையும் அப்படித்தான். அறுத்து, மண்ணைக் கொத்தி, மறுபடி விதைக்கும் இடத்தில் எந்தப் பூச்சியும் தலைமுறை எடுக்க முடியாது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு பொரியவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பொரிந்த குஞ்சுக்கு இறக்கை முளைத்து முழு வளர்ச்சி வர இன்னும் நான்கைந்து மாதம் வேண்டும். அவ்வளவு காலமும் பிடுங்காமல் நிற்கிற செடி கொல்லையில் இருந்தால்தான் அது தங்கும்.

அப்படி நிற்கிறவை சிறகவரை, சுண்டை, தவசிக்கீரை மாதிரி பசாரில் எப்போதாவது தலைகாட்டும் காய்கறிகள். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பழைய லயத்து வீடுகளின் பின்பக்கம் இவை தாமாகவே நின்றன. இப்போது தாமான் என்னும் குடியிருப்பு வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு துண்டு நிலம், அதுவும் மேடாக்கக் கொட்டிய களிமண். அந்தத் துண்டிலும் இந்த மூன்றும் வளரும். வேலிக்கு அப்பால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை இருந்தால் இன்னும் நல்லது, பூச்சிகள் வந்துபோக வழி இருக்கும்.

கும்பிடுபூச்சி இருந்தால் மருந்தே வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். அது கண்முன் அசைவதைத்தான் பிடிக்கும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, ஈ, நடமாடும் புழு, எல்லாம் அதற்குச் சாப்பாடு. தேனீயும் சாப்பாடுதான், இன்னொரு கும்பிடுபூச்சியும் சாப்பாடுதான். ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் மாவுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் அது திரும்பிப் பார்க்காது. அசுவினி பெரிய பூச்சியின் பசிக்குக் காணாது. பாகற்காய்க்குள் இருக்கும் ஈப்புழுவை அதனால் தொடவே முடியாது. பிறகு ஏன் அதை வைத்துக் காப்பாற்றவேண்டும்? ஆறு மாதம் ஓரிடத்தில் அது உயிரோடு இருந்து முட்டையும் வைத்துவிட்டதென்றால், அந்த இடத்தில் அத்தனை நாளும் விஷம் விழவில்லை. அதைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளும் பொறிவண்டும் அங்கே பிழைத்திருக்கின்றன. காய்கறியைக் காப்பாற்றும் பெரிய வேலையைச் செய்பவை அவைதான்.

அது வேட்டையாடும் விதத்தை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். சிறகவரைப் பூவுக்கு அருகே முன்னங்கால்களை மடித்துத் தொங்கும். இரை வந்தால் உடனே பாயாது. உடம்பை மெல்ல இடமும் வலமும் ஆட்டும், தூரத்தை அளக்கிற ஆட்டம் அது. பிறகு முன்னங்கால்கள் போய்வருவது நம் கண்ணுக்குப் பிடிபடாது, வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். தின்று முடித்ததும் கால் முள்ளை ஒவ்வொன்றாக வாயால் சுத்தம் செய்யும். அதன் கண்ணில் தெரியும் கறுப்புப் புள்ளி, நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்ப்பதுபோல் கூடவே வரும். அது கண்மணி அல்ல, கூட்டுக்கண்ணில் நமக்கு நேரே இருக்கும் பகுதி கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கும்பிடுபூச்சிக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டிப் படம் காட்டி, அதற்கு ஆழம் தெரிகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது.

இனிச் செடிகள். மூன்றில் முதலில் நடவேண்டியது சிறகவரை, காச்சாங் போத்தோல் என்று பசார் மாலாம் இரவுச்சந்தையில் கட்டுக்கட்டாக விற்பார்களே, அதுதான். ஐரோப்பாவில் இதை வளர்ப்பவர்களுக்குக் கோடையில் கொடிதான் மிஞ்சும், பகல் நீண்டால் இது பூக்காது. நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. விதையில் சோயாவுக்கு இணையாகப் புரதம் இருப்பதைப் பார்த்து, 1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெப்பமண்டல நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்துத் தனி அறிக்கையே வெளியிட்டது.

விதையின் தோல் கடினமானது. அப்படியே புதைத்தால் சில விதை வாரக்கணக்கில் கிடந்து அழுகிவிடும். விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் லேசாகக் கிள்ளி, இரவு முழுக்கத் தண்ணீரில் போடவேண்டும். காலையில் உப்பியிருக்கும் விதை முளைக்கும். உப்பாததை இன்னொரு தடவை கிள்ளி ஊறவைக்கலாம். 2 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராக நிலத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர். ஒரு வீட்டுக்கு இரண்டு கொடி தாராளம்.

பந்தல் ஆறடிக்கு மேல் போகவேண்டாம். உயர்த்தினால் காய் எட்டாது, எட்டாத காய் முற்றும், முற்றிய காய் தொங்கினால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். யூரியா போடாதீர்கள். இதன் வேர்முடிச்சே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். யூரியா கொடுத்தால் கொடி பந்தலை மூடும், பூ வராது. 'நல்லா செழிச்சிருக்கு, காய்தான் இல்ல' என்று சொல்லக் கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். நடும்போது மக்கிய கோழி எரு ஒரு சிறு வாளி, புளிப்பு மண்ணாக இருந்தால் ஒரு கைப்பிடி டோலோமைட், பூக்கும் சமயத்தில் கொஞ்சம் சாம்பல். அது போதும்.

காயை 10 முதல் 15 சென்டிமீட்டரில் பறிக்கவேண்டும். சிறகை மடக்கினால் சட்டென்று ஒடியவேண்டும், வளைந்தால் நார் விழுந்துவிட்டது என்று அர்த்தம். குறுக்கே நறுக்கி, கடுகு தாளித்து, மூன்று நான்கு நிமிடம் மட்டும் வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் மொறுமொறுப்பு போகாது. சம்பல் பெலாச்சானோடு பச்சையாகவும் கடிக்கலாம். இளம் இலையும் பூவும் உணவாகும். கொடி முதிர்ந்தபின் வேர்க்கிழங்கையும் அவித்துத் தின்னலாம்.

இதற்கு வரும் கேடுகள் மூன்று. கொழுந்தில் கறுப்பு அசுவினி கூடும், அதை எறும்பு காவல் காக்கும். தண்ணீரை விரலால் தெறித்துத் துடைத்துவிட்டு, எறும்பு ஏறும் வழியை அடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டாவது, பூக்களை நூலால் பின்னி உள்ளே இருந்து தின்னும் காய்ப்புழு. பின்னிய பூவைப் பறித்து நசுக்குவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை, கும்பிடுபூச்சியும் இதில் உதவாது. மூன்றாவது, இலையிலும் தண்டிலும் ஆரஞ்சு நிறக் கொப்புளம். இது பூஞ்சணம், ஈரத்தில் பரவும். பிடித்த கொடியை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடவேண்டாம். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விடவேண்டும்.

கும்பிடுபூச்சிக்கு இந்தப் பந்தல் ஏன் பிடிக்கிறது என்பது அது தோலுரிக்கும்போது தெரியும். இறக்கை முளைப்பதற்குள் ஏழெட்டுத் தடவையாவது தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் தலைகீழாகத் தொங்கி, பழைய சட்டையிலிருந்து கீழ்நோக்கி வழுகி வரும். கீழே அதன் உடம்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு வெற்றிடம் வேண்டும். இடம் போதாமலோ யாராவது தொட்டோ விழுந்தால் கால் கோணிப்போகும், இறக்கை சுருண்டுவிடும், அதன்பின் வேட்டையாட முடியாது. சிறகவரைப் பந்தலின் அடிப்பக்கம் இதற்கு வாகான இடம். வெளிறிய நிறத்தில் ஆடாமல் தொங்கும் பூச்சியைக் கண்டால் அந்தப் பக்கம் ரப்பர் குழாயைப் பீய்ச்சாதீர்கள். உடம்பு இறுகச் சில மணி நேரம் ஆகும். தோலுரிப்பதற்கு முந்தைய நாளே இரை எடுப்பதை நிறுத்திவிடும் என்பதால், பசியில்லாத பூச்சிக்கு நோய் என்று எண்ணவும் வேண்டாம்.

முட்டைக்கூட்டை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தெரியாமல் பாராங் கத்தி போட்டு வெட்டிக் குப்பையோடு எரித்துவிடுகிற கூடுகள் நிறைய. பெண் பூச்சி நுரையாக வெளியேற்றி, அது காற்றில் இறுகிப் பழுப்பு நிறமாகும். பெரிய பச்சைக் கும்பிடுபூச்சியின் கூடு கட்டைவிரல் நுனி அளவில் குண்டாக, குச்சியைக் கவ்விக்கொண்டு இருக்கும். சிறகவரைத் தண்டில், சுண்டைக் கிளையில், வேலிக் கம்பியில், சில சமயம் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அதிலிருந்து நூறுக்கும் மேல் குஞ்சு வரலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் கொல்லையைச் சுத்தம் செய்கிறோமே, அப்போது பழைய கொடியை இழுப்பதற்கு முன் ஒவ்வொரு தண்டையும் அடியிலிருந்து நுனிவரை கையால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கூடு இருக்கும் தண்டை வெட்டியே ஆகவேண்டுமென்றால், கூட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் விட்டு வெட்டவேண்டும். கூட்டைத் தண்டிலிருந்து பெயர்க்கக்கூடாது, பெயர்த்தால் அடிப்பக்கம் கிழிந்து முட்டை காய்ந்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி, நிலையாக நிற்கும் செடியில் இடுப்பு உயரத்தில் ரஃபியா கயிற்றால் கட்டலாம். உச்சி வெயில் நேராகப் படவேண்டாம், மத்தியான மழை அறையும் இடமும் வேண்டாம். கட்டிய கிளைக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு துண்டு பிளாஸ்டிக் சுற்றி, அதன்மேல் விரலகலம் கிரீஸ் தடவுங்கள். குஞ்சு வெளிவரும் காலையில் எறும்பு வரிசை கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. கூட்டை வீட்டுக்குள் ஜாடியில் வைத்துப் பார்க்க ஆசைப்படவேண்டாம். எல்லாம் ஒரே நாளில் பொரிந்து, இரை இல்லாமல் ஒன்றையொன்று தின்னும்.

கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல் வட்டமான துளைகள் இருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து வெளியேறிவிட்டது. கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் அப்படித் துளைப்பதில்லை, கூட்டின் நடுக்கோட்டில் இருக்கும் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய நூலில் தொங்கி இறங்கும். துளை விழுந்த கூட்டையும் உடனே எறியவேண்டாம், பாதி முட்டை தப்பியிருக்கலாம்.

இறங்கிய குஞ்சு கொசு அளவுதான் இருக்கும். அதற்கு வெட்டுக்கிளி எதற்கு? சிறு ஈயும் அசுவினியும் வேண்டும். சிறு பூ இருந்தால் சிறு ஈ வரும். துளசியைக் கதிர் விடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பதை நிறுத்தி, இரண்டு செடியையாவது பூக்க விடுங்கள். பச்சையாகத் தின்னும் உலாம் ராஜா கீரை நான்கு செடி போதும். இலை உலாமுக்கு, பூ பூச்சிக்கு. செம்பனைத் தோட்டங்களில் சாலையோரம் புங்கா புக்குல் லாப்பான் பூச்செடியை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலாட் புங்குஸ் என்னும், பை பின்னி அதற்குள் வாழும் புழுவைத் தாக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான் நிர்வாகம் அதை நடுகிறது. வேலி ஓரம் ஒரு குச்சி ஒடித்து நட்டால் அது நம் வீட்டிலும் வளரும்.

சுண்டை வேறு வகையில் பயன் தரும். குழம்புக்கும் வற்றலுக்கும் அதைத் தெரியும், கத்திரிக்கு வேர் கொடுப்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் ஈர மண்ணில் கத்திரி காய்க்கத் தொடங்கியதும் ஒரே நாளில் பச்சையாகவே துவண்டுவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அது பாக்டீரியா வாடல். சந்தேகமிருந்தால் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற நூல் கீழே இறங்கினால் வாடல்தான். அந்த மண்ணில் மறுபடி கத்திரி நட்டால் மறுபடியும் சாகும். சுண்டையின் வேர் இந்த நோயைத் தாங்கும், வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நூற்புழுவையும் பெரும்பாலும் தாங்கும். அதனால் சுண்டை வேரின்மேல் கத்திரியை ஒட்டுக்கட்டி வளர்க்கலாம்.

சுண்டை முளைப்பது மெதுவாக, ஒரே சீராகவும் இராது. அதனால் கத்திரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விதைக்கவேண்டும். மஞ்சளாகப் பழுத்த காயைப் பிசைந்து, அலசி, நிழலில் உலர்த்திய விதை நல்லது. இரண்டு தண்டும் ஒரே தடிமனாக, 3, 4 மில்லிமீட்டர் வந்ததும் ஒட்டுக்கட்டலாம். புதிய பிளேடால் சுண்டையை மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நேராக வெட்டி, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் பிளக்கவேண்டும். கத்திரிக் கொழுந்தில் இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு, அடியை ஆப்புப்போல் இருபுறமும் சீவி உள்ளே செருகவேண்டும். தண்டின் தோலும் தோலும் ஒரு பக்கமாவது சேரவேண்டும். உறைபனிப் பெட்டியில் பொருள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கீற்றாக வெட்டி இறுகச் சுற்றலாம். பிறகு முழுச் செடியையும் அது நிற்கும் பாலிபேக் நாற்றுப்பையோடு பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி, ஒரு வாரம் நிழல். அடுத்த மூன்று நான்கு நாள் பையைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கவேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் அன்றைக்கே துவண்டுவிடும்.

ஒட்டு பிடித்தபின் இரண்டு காரியம் பலரைக் கெடுக்கும். ஒட்டுக்குக் கீழே சுண்டை துளிர்க்கும், அதை வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் கத்திரியை அமுக்கிவிடும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விட்டால் கத்திரி சொந்த வேர் விடும், அந்த வேர் வழியாக வாடல் ஏறிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

ஒட்டுக்கட்டாமல் ஒரு சுண்டையைத் தனியாகவும் வளரவிடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகும், முள்ளும் உண்டு, நடைபாதையைவிட்டுத் தள்ளி நடவேண்டும். அகன்ற இலையின் அடியில் கும்பிடுபூச்சி மழைக்கு ஒதுங்கும், வெள்ளைப் பூக்கொத்தில் காத்திருக்கும். வற்றல் போட நினைத்தால் காயை லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்து, நான்கு வெயில் காட்டவேண்டும். பேராக்கில் மத்தியானம் மேகம் கறுத்துவிடும், இரண்டு மணிக்குள் எடுத்து உள்ளே வைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும்.

தவசிக்கீரை எளிது. சாயூர் மானிஸ் கட்டு வாங்கும்போது இலையை உருவிக்கொண்டு, பென்சில் தடிமனில் இருக்கும் தண்டை ஒரு சாண் நீளத்தில் வெட்டி இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். அரை நிழல் அதற்குப் பிடிக்கும். இடுப்பு உயரத்தில் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதராக நிற்கும். இலையைக் கையால் கசக்கிப்போட்டு, நெத்திலியும் முட்டையும் சேர்த்து வதக்குவது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த சமையல். ஆனால் இதைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிக்காதீர்கள். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க என்று பச்சைச் சாறாகக் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டு, மீளாத மூச்சுத்திணறல் வந்தது, சிலர் இறந்தார்கள். சமைத்து, அளவாக, மற்ற கீரைகளோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுவதே முறை.

கொடிக்காய்களில் கும்பிடுபூச்சியால் சிறு தொல்லை உண்டு. பூசணியின் ஆண்பூவில் உட்கார்ந்துகொண்டு வருகிற தேனீயை எல்லாம் பிடிக்கும். கையால் பிடித்து இழுக்கவேண்டாம். அதன் முன்னால் ஒரு குச்சியை நீட்டி, பின்னால் விரலால் மெல்லத் தொட்டால் ஏறிக்கொள்ளும், கொண்டுபோய்ச் சிறகவரையில் விட்டுவிடலாம். தேனீ குறைவாக இருந்தால் கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும். பூசணிக்குக் காலை ஒன்பது மணிக்குள், பீர்க்குக்கும் சுரைக்கும் பூ விரியும் அந்தி நேரத்தில்.

பழ ஈக்குக் காகிதம்தான் மருந்து. பாகல், பீர்க்கு, புடல் எதுவானாலும் பூ வாடிய இரண்டு மூன்று நாளில், பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே செய்தித்தாளை இரண்டு மடிப்பாகக் குழாய்போல் சுற்றிக் காம்போடு சேர்த்துப் பின் அடிக்கவேண்டும். காய் பெரிதானபின் சுற்றுவது வீண், முட்டை அதற்குமுன் தோலுக்குள் போயிருக்கும். கோணிய, மஞ்சள் விழுந்த பிஞ்சுகளைக் கீழே விடாமல் பொறுக்கிக் கறுப்புப் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். மண்ணில் கிடந்தால் புழு இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈயாக வரும். மஞ்சள் பசை அட்டை தொங்கவிடுகிறவர்கள் முட்டைக்கூடு பொரியும் சமயத்தில் அதைக் கழற்றிவிடவேண்டும், குஞ்சுகளும் குளவிகளும் அதில்தான் முதலில் ஒட்டும்.

மாவுப்பூச்சி மிஞ்சிப்போனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, அந்தி சாய்ந்தபின் பூச்சி அப்பிய கிளையில் மட்டும் இலையடியில் படும்படி அடிக்கலாம். சைப்பர்மெத்ரின் போன்ற மருந்தை ஒருமுறை முழுக் கொல்லைக்கும் அடித்தால் ஆறு மாத வேலை அன்றோடு போய்விடும். டெங்கிக்காகத் தாமானில் புகை அடிப்பது வேறு விஷயம், அது தேவை. அன்றைக்குக் கண்ணில் படும் பூச்சிகளைக் குச்சியோடு எடுத்து, வலை மூடிய வாளியில் தனித்தனியாக வீட்டுக்குள் வைத்து, மறுநாள் இலைகளைத் தண்ணீரால் அலசியபின் விடலாம். ஒரே வாளியில் இரண்டைப் போட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். பாலிபேக்கின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு அங்கிருந்துதான் தொடங்கும்.

செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெற்றுக்குலை கிடைத்தால் செடிகளின் அடியில் ஒரே அடுக்காகப் பரப்பலாம், ஈரம் காக்கும். குவித்து வைத்தால் கொம்பு வண்டு உள்ளே முட்டையிட்டுப் பக்கத்துத் தென்னைக்கும் செம்பனைக்கும் போய்விடும்.